கார் வராத தெருவை வரைந்தவள்

எங்கள் குடியிருப்பில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரன் எடுத்தவருக்கும் அக்கா, அந்தப் பேரனுக்கும் அக்கா. நான் அவளைவிடப் பெரியவன். எனக்கும் அக்காதான். பட்டப்பெயர் வயது பார்த்து ஒட்டுவதில்லை.

வீட்டு வசதி வாரியத்தில் அவள் வரைவாளர். எந்த வீடு எங்கே நிற்கும், எந்த வாசல் எந்தப் பக்கம் பார்க்கும், தெரு எவ்வளவு அகலம் என்று காகிதத்தில் கோடு போடுகிற வேலை. கட்டடத்தைத் திறந்து வைத்தவர் பெயர் கல்லில் இருக்கும். கட்டினவர் பெயர் பில்லில் இருக்கும். கோடு போட்டவள் பெயர் எங்கேயும் இருக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

அவள் பிறந்த வீட்டின் வாசல் நேராக லாரி ஓடுகிற சாலையில் திறக்கும். படி இறங்கினால் சக்கரம். அம்மா காகிதப் பை ஒட்டுகிறவள். கை நிறையப் பசையோடு பிள்ளையின் பின்னால் ஓட முடியுமா? குழந்தையின் இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிடுவாள். துணி எட்டுகிற தூரம் வரைக்கும் தரையில் கரித்துண்டால் கோடு போட்டு விளையாடுவதுதான் பிள்ளைக்குப் பொழுது. "ஆட்டுக்குட்டி மாதிரி வளந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் வாரியத்தில் நகல் எடுக்கிற வேலைக்குப் போனாள். எஞ்சினியர் வரைந்த படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, கோட்டின் மேல் கோடு இழுக்க வேண்டும். வருடக்கணக்கில் அடுத்தவர் கோட்டையே இழுத்தாள். மாலை வகுப்பில் படித்தாள். பிறகு சொந்தமாகக் கோடு போட விட்டார்கள். கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. எந்தப் படத்தையும் முடிப்பதற்கு முன்னால் பெரிய காகிதத்தில் அச்செடுத்து மேசையில் விரிப்பாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு கால்கள். அந்தக் கால்களை ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் இறக்கி நடத்திக் கூட்டிக்கொண்டு போவாள். வாசல், தெரு, கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப். விரல் எங்காவது தயங்கி நின்றால் அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடியும் வரைவாள்.

ஆபீசில் கேலி நடக்கும். "அக்கா, செருப்பு மாட்டி விடுங்க. வெயில்ல கால் சுடும்."

"உங்க படத்துல நடந்தாத்தான் சுடும். என் படத்துல நிழல் இருக்கு."

இப்படிப்பட்டவள் கட்டிக்கொண்டது ஒரு டாக்சிக்காரரை. வீட்டில் அடுப்பு எரிவதில் பாதி அந்தக் கார் ஓடுவதால். ஆபீசில் மனைவி போடுகிற படம் எல்லாம் காரை எங்கே நிறுத்தி வைப்பது, எப்படி உள்ளே விடாமல் இருப்பது என்பதைப் பற்றி. டாக்சிக்காரர் எல்லோரிடமும் சொல்வார்: "அவனவன் தொழிலுக்கு எதிரி வெளியில இருப்பான். எனக்கு ஒரே கூரைக்குள்ள."

எங்களுக்கு வீடு சும்மா கிடைக்கவில்லை. பழைய மில்லுக்குப் பின்னால் இருந்த குடிசைகளை இடித்தபோது, மாற்று வீடு கேட்டு வாரியத்தின் வாசலில் உட்கார்ந்தோம். அந்தப் போராட்டத்தைப் பற்றி வேறு இடத்தில் எழுதியாகிவிட்டது. இங்கே வேண்டியது ஒரு மதிய வேளை மட்டும். ஆபீசர்கள் எல்லாம் பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போய்விட்டார்கள். இவள் மட்டும் முன்வாசல் வழியாக வந்தாள். கையில் பென்சில். நேராக எங்கள் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கல்லாம் வேலைக்கு எப்படிப் போறீங்க?"

எங்கள் ஆள் ஒருவன் எகிறினான். "காலாலதான் போறோம். தலையால நடக்கச் சொல்லி வாரியம் இன்னும் உத்தரவு போடல."

அவள் அசரவில்லை. "பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறது? கூட யாராச்சும் போவீங்களா? பெரிய ரோட்டைத் தாண்டணுமா?"

உளவு பார்க்க வந்தவள் என்றுதான் நினைத்தோம். போராட்டக்காரனிடம் எவன் வந்து வழி விசாரிப்பான்? ஆனால் அவள் விடாமல் கேட்டாள். மூட்டை தூக்குகிறவரைக் கேட்டாள், வீட்டு வேலைக்குப் போகிறவளைக் கேட்டாள். எல்லோரும் நடந்துதான் போனோம். பஸ் ஏறுகிறவர்கள்கூட ஸ்டாப் வரைக்கும் நடந்துதான்.

எங்களுக்கு வீடு என்று முடிவானதும் படம் போடுகிற வேலை அவளிடம் வந்தது. நீளமான, ஒடுங்கலான மனை. வழக்கம்போல நடுவில் தார் ரோடு, ஓரத்தில் வீடு என்று பெரிய எஞ்சினியர் சொன்னார். அவள் ரோட்டைத் தூக்கிவிட்டாள். நடுவில் நடக்கிற தெரு. கல் பாவிய தரை, மரம், உட்கார மேடை. வண்டிகள் எல்லாம் மனையின் பின்கோடியில் ஒரு திடலில் நிற்கட்டும் என்றாள். பெரிய எஞ்சினியர் கத்தினார். கார் திரும்புகிற அகலம் வேண்டாம் என்றால் இன்னும் எத்தனை வீடு கட்டலாம் என்று அவள் காட்டினாள். கத்தல் நின்றது. பிள்ளைகளை நினைத்து அவர் மனம் இளகவில்லை. கூடுதல் வீடுகளைப் பார்த்து இளகியது. எதைப் பார்த்து இளகினால் என்ன? கையெழுத்து விழுந்தது.

தெருவின் முனையில் முழங்கால் உயரத்துக்கு மூன்று இரும்புக் கம்பங்கள் நட்டார்கள். நடுக்கம்பத்துக்குப் பூட்டு உண்டு. ஆம்புலன்ஸ் வந்தாலோ, சாமான் லாரி வந்தாலோ திறந்துவிடலாம். சாவி குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் இருக்கும். தலைவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் மீட்டர்தான்.

ஸ்கேல் அக்கா வாரியத்தில் இருந்ததால் அவளுக்கும் டாக்சிக்காரருக்கும் அங்கேயே ஒரு வீடு ஒதுக்கினார்கள். எனக்குப் பக்கத்து வீடு. ஆகவே அடுத்து நடந்ததற்கெல்லாம் என் காது சாட்சி. நடுச்சுவர் மெல்லிசு.

அந்தத் தெரு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதற்காக இத்தனை ரகளை என்று புரியாது. நடக்கப் பழகுகிற குழந்தையை அம்மாக்காரி கையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். விழுந்தால் கல்லில் விழும், சக்கரத்தில் விழாது. மிக்சி ரிப்பேர்காரர் தெரு நடுவில் சாமானைப் பரப்பி வேலை செய்வார். இரண்டு பேர் சண்டை போட்டால் தெருவே நின்று கேட்கும், சமாதானமும் பண்ணிவிடும். ஊரில் எத்தனையோ குடியிருப்பு பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் தெரு நடுவில் நின்று பேசுகிற குடியிருப்பு இது ஒன்றுதான்.

வருடங்கள் போயின. நடந்து போனவர்கள் ஸ்கூட்டர் வாங்கினார்கள். சிலர் கடனில் ஆட்டோ, சிலர் கார். தையல் கம்பெனி வேன் பெண்களைக் கொண்டுவந்து பின்கோடித் திடலில் இறக்கிவிட்டுப் போனது. அப்போதுதான் பேச்சு கிளம்பியது. திடலிலிருந்து வீடு தூரம். பையைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. கம்பத்தைப் பிடுங்கு, வண்டியை வாசலுக்கு விடு.

சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவது என்று முடிவானது. தீர்மானத்தில் முதல் கையெழுத்து டாக்சிக்காரருடையது.

அன்றைக்குச் சாயங்காலம் நடுச்சுவரைத் தாண்டி வந்தது இது:

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? முதல் கையெழுத்து நீங்கதான் போடணுமா?"

"பேனா என்கிட்டதான் இருந்துச்சு."

"கார் உள்ள வந்தா அந்தத் தெரு செத்துச்சுங்க. ஒரு கார் வந்தா நாப்பது கார் வரும். பிள்ளைங்களை உள்ள வச்சுப் பூட்டணும்."

"தூரமா இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தூரமா? பஸ் ஸ்டாப்பு அதைவிடத் தூரம். நான் தினம் நடக்கல?"

"நீ நட. உனக்கு ஸ்டாப்பு முன்பக்கம். எங்களுக்குப் பின்பக்கம்."

அவரிடம் அதற்கு மேல் வார்த்தை இல்லை. தினமும் டாக்சி ஓட்டி முடித்து வருகிறவர் வீட்டுக்கு வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பது அவளுக்கு ஏற்கெனவே ஒரு குறை. கார் திடலுக்கு வந்துவிடும், ஆள் வீட்டுக்கு வர மாட்டார். மற்ற டிரைவர்களோடு சீட்டாடுகிறார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அவள் பஸ் வழியில் நின்றுபோனது. வேறு பஸ் வரவில்லை. கையில் படச்சுருள், ஒரு பை நிறையக் காய்கறி. புருஷனுக்கு போன் போட்டாள். அவர் வந்து ஏற்றிக்கொண்டார். இருட்டுகிற நேரத்துக்குப் பின்கோடித் திடலில் கார் வந்து நின்றது. இனிமேல் சொல்வது இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. இரண்டும் ஒத்துப்போயின. புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் அது லேசில் நடக்காது.

அவள் கதவைத் திறந்தாள். அவர் அசையவில்லை.

"இறங்கலையா?"

"இரு. வந்துருவாங்க."

"யாரு?"

ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. எதிர்வீட்டு நர்ஸ். அடுத்து கம்பெனி வேன் வந்து மூன்று பெண்களை இறக்கியது. அவர்கள் யாரும் நடக்க ஆரம்பிக்கவில்லை. இவர் காரைப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் இவர் இறங்கினார்.

"போலாமா?"

"போலாம் அண்ணே. என்ன, இன்னைக்கு அக்காவும் டூட்டியா?" என்றாள் நர்ஸ்.

திடலிலிருந்து தெருவுக்கு வருகிற வழி ஒரு சந்து. ஒரு பக்கம் மூடிப்போன கிடங்கின் மதில். மறுபக்கம் எங்கள் குடியிருப்பின் பொது அறைகள்: மோட்டார் ரூம், சங்க அறை, தையல் கடை, இஸ்திரிக் கடை. எல்லாம் உள்ளே இருக்கிற முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். சந்துக்குத் தெரிவது அவற்றின் முதுகு மட்டும். ஒரு கதவு கிடையாது, ஒரு ஜன்னல் கிடையாது. இரண்டு சுவருக்கு நடுவே நடை. விளக்கு இருந்தது. யாரும் இல்லை என்பது அந்த வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சந்துக்குள் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. புருஷன் கடைசியில் நடந்தார், சாவிக்கொத்தைச் சத்தமாக ஆட்டிக்கொண்டு. பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டி வேகமாக நடந்தார்கள். நர்ஸ் போனைக் காதில் வைத்து, "ம்... வந்துட்டேன்... இதோ, வாசல் தெரியுது... ம்" என்று பேசிக்கொண்டே போனாள். ஸ்கேல் அக்கா பக்கத்தில்தான் நடந்தாள். நர்ஸின் போன் அணைந்து கிடந்தது.

தெருவுக்கு வந்து சேர்ந்ததும் நர்ஸைக் கேட்டாள். "யாருகிட்ட பேசுன?"

"யாரும் இல்லக்கா. பழக்கம். அண்ணன் வராத நாள்ல அப்படித்தான் வருவேன். கூட ஆள் இருக்கற மாதிரி. இன்னைக்கு அண்ணன் இருக்காரு, ஆனாலும் கை தானா காதுக்குப் போயிருது."

"என்னைக்காச்சும் ஏதாச்சும் நடந்துச்சா?"

"நடந்தாத்தானா?"

வீட்டுக்கு வந்தாள். காய்கறிப் பையை அப்படியே போட்டாள். அலமாரியிலிருந்து எங்கள் குடியிருப்பின் படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். இரண்டு விரலையும் எடுத்து இந்தத் தடவை பின்கோடித் திடலில் நிறுத்தினாள். அங்கிருந்து வீட்டை நோக்கி நடத்தினாள். சந்துக்குள் போனதும் விரல் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை வருடமும் விரலை வாசலிலிருந்து வெளியே மட்டும்தான் நடத்தியிருக்கிறாள். ஒரு நாளும் வெளியிலிருந்து வீட்டுக்கு நடத்தியதில்லை. வாரிய வாசலில் எங்களைக் கேட்டதும் எப்படிப் போறீங்க என்பதுதான். போகும்போது காலை வெளிச்சம், கை வீச்சு, உடம்பில் தெம்பு. வருகிறவன் அதே ஆள் இல்லை. கையில் சுமை, உடம்பில் அசதி, பாதி இருட்டு. படத்தில் சந்தின் இரண்டு பக்கமும் இரண்டு கோடு. அவ்வளவுதான். கோட்டைப் பார்த்து எவரும் பயப்பட மாட்டார்.

"ஏங்க, ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. தூரம்னு சொன்னேன்."

"அது தூரம் இல்லையே."

"எனக்குத் தெரிஞ்ச வார்த்தை அதான்."

"தினம் அங்கதான் உக்காந்திருந்தீங்களா? நான் சீட்டாடுறீங்கன்னு..."

"சீட்டும் ஆடுவேன். வேன் லேட்டானா." அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் நான் காவல் இருக்க முடியாது. எனக்கும் உடம்பு வலிக்குது. கம்பத்தைப் புடுங்கிட்டா அவங்கவங்க வாசல்ல அவங்கவங்க இறங்கிக்கலாம். என் கணக்கு அவ்வளவுதான்."

அன்று நடுச்சுவர் அமைதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் கூட்டம். வராதவர் யாரும் இல்லை. தீர்மானத்துக்காக வந்தவர்கள் பாதி. புருஷனும் பெண்டாட்டியும் மோதுவதைப் பார்க்க வந்தவர்கள் மீதி. டாக்சிக்காரரை ஒருவர் சீண்டினார்: "என்னப்பா, காலையில டிபன் கிடைச்சுதா, இல்ல தீர்மானம் பாஸானாத்தானா?"

மீட்டர் தொண்டையைச் செருமினார். தீர்மானத்தைப் படித்தார். ஸ்கேல் அக்கா எழுந்தாள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் தெருவைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேலை முடிஞ்சு வீட்டுக்கு எப்படி வர்றீங்க?"

இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் நர்ஸ் எழுந்து, அணைந்த போனில் பேசிக்கொண்டு வருவதைச் சொன்னாள். தையல் கம்பெனிப் பெண் ஒருத்தி, தான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஓடுவதானால் சுலபமாம். அதற்கப்புறம் மூட்டை தூக்குகிறவர் எழுந்தார். கதவு அளவுக்கு உடம்பு.

"நான் பாடிக்கிட்டே வருவேன்" என்றார்.

"அட, அது பாட்டாய்யா? நாங்க மோட்டார் ரிப்பேர்னு நெனச்சோம்!"

முற்றமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் உட்காரும்போது சொன்னார்: "எனக்கே அப்படி இருக்கு. பொம்பளப் பிள்ளைங்களுக்கு எப்படி இருக்கும்?"

ஸ்கேல் அக்கா சொன்னாள்: "தூரம் அதிகம் இல்ல. அந்தச் சுவர்தான் அதிகம். அதைப் போட்டது நான். முற்றம் அழகா இருக்கணும்னு எல்லாக் கதவையும் இந்தப் பக்கம் திருப்பி வச்சேன். அந்தப் பக்கம் யாரு வருவான்னு நெனக்கல. கதவுகளை அந்தப் பக்கம் திருப்பணும். கடை சந்தைப் பார்த்துத் திறந்திருந்தா நடக்கறவங்க மேல யாராவது ஒருத்தர் கண்ணு இருக்கும். எனக்கு நேரம் குடுங்க."

"எவ்வளவு நாள்?" என்றார் மீட்டர்.

"மழைக்காலம் முடியறதுக்குள்ள. முடிக்கலேன்னா சாவியைக் குடுங்க, கம்பத்தை நானே கழட்டிப் போடறேன்."

மீட்டர் டாக்சிக்காரரைப் பார்த்தார். "என்னப்பா, தீர்மானத்தை வாபஸ் வாங்கறியா?"

"வாபஸ் எல்லாம் கிடையாது. தள்ளி வைக்கலாம்."

தள்ளி வைத்தோம். கூட்டத்தில் உட்கார்ந்து பழகினவன் நான். தோற்றுப் போகிற கூட்டம், ஜெயிக்கிற கூட்டம் இரண்டின் வாசனையும் தெரியும். அன்றைக்கு இரண்டும் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் அந்தத் தெரு இருக்குமா இருக்காதா என்பது அவள் கதவு திருப்புவதில் இருந்தது.

முதல் முட்டுக்கட்டை பெரிய எஞ்சினியர். கட்டி முடித்த சுவரை இடிக்க வாரியத்தின் அனுமதி வேண்டும்.

"என்னம்மா இது? நம்ம படம் தப்புன்னு நாமளே சொல்லலாமா?"

"சொல்லியாச்சு சார். ஞாயித்துக்கிழமை. எல்லார் முன்னாலயும்."

"அந்த முற்றம் போட்டோ நம்ம ஆண்டு மலர் அட்டையில வந்திருக்கு."

"போட்டோவுல சந்து இல்லையே சார்."

அவர் நாட்களை இழுத்தார். அவள் தினமும் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். வாரிய வாசலில் நாங்கள் பண்ணியதை அவள் வாரியத்துக்கு உள்ளேயே பண்ணினாள், கோஷம் மட்டும் இல்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தொல்லை விட்டது என்று போட்டிருப்பார். பரவாயில்லை.

இரண்டாவது முட்டுக்கட்டை தையல் அத்தை. அவள் கடை முற்றத்து மரத்தடியைப் பார்த்தது. காற்று வரும், ஊர்க்கதை வரும்.

"என்னை எதுக்கு அந்தச் சந்துல தள்ளுற? அங்க எவ வருவா?"

"எல்லாரும் வருவாங்க அத்தை. தினம் வருவாங்க. நிக்கத்தான் மாட்டாங்க, ஓடிருவாங்க. நீங்க இருந்தா நிப்பாங்க."

"நிக்கறவளுக்கெல்லாம் ஜாக்கெட்டா தச்சுக் குடுக்க முடியும்?"

"வந்து நிக்கட்டும் முதல்ல."

தையல் அத்தை ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பிறகு ஒரு நாள் வேன் வந்து நிற்கிற நேரத்தில் தானாகப் போய்ச் சந்தில் நின்று பார்த்தாள். எத்தனை பெண்கள் இறங்குகிறார்கள் என்று அவள் அதுவரை கவனித்ததில்லை. தினமும் துணி தைக்கிற பெண்கள், தங்கள் துணியைத் தைத்துக்கொள்ள நேரம் இல்லாதவர்கள். மறுநாள் வந்து, "கதவு பெருசா வைக்கச் சொல்லு. மிஷின் வெளிச்சத்துக்கு வரணும்" என்றாள்.

மழை சரியாக வேலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. உடைத்த சுவர் ஓட்டையாக நின்றது, பூச்சு காயவில்லை. இஸ்திரிக்காரர் அடுப்பைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டு எல்லோரையும் திட்டினார். கம்பத்தைப் பிடுங்கச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். "முன்னாடி சுவர் இருந்துச்சு. இப்ப சுவர்ல பொந்து இருக்கு. முன்னேற்றம்தான்." மோட்டார் ரூமில் கதவு வைக்க முடியாது என்று மின்சார ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நீளத்துக்குச் சுவர் சுவராகவே நின்றது. ஸ்கேல் அக்காவுக்கு அது சாப்பாட்டில் கல் மாதிரி. ஆபீஸ் விட்டதும் முன்பக்க ஸ்டாப்பில் இறங்கி, சுற்றிக்கொண்டு பின்கோடித் திடலுக்குப் போய், அங்கிருந்து சந்து வழியாக வீட்டுக்கு நடந்தாள். தினமும், மழையிலும், பையோடு.

ஒருநாள் இஸ்திரிக்காரர்தான் சொன்னார்: "மேசையை இந்த மோட்டார் ரூம் சுவர் ஓரம் போட்டுக்கறேன்மா. மேல ஒரு தகரம் மட்டும் போட்டுக் குடு. உள்ள நின்னா புழுக்கம் வேற."

தகரம் போட்டாயிற்று. மழை குறைந்தபோது சந்தில் இரண்டு கதவு திறந்திருந்தது, சங்க அறைக்கு ஒரு ஜன்னல், சுவரோரத்தில் ஒரு இஸ்திரி மேசை. பெரிய அழகு ஒன்றும் இல்லை. முற்றத்தின் அழகும் கொஞ்சம் போய்விட்டது. இப்போது அங்கே பார்ப்பது கடைகளின் பின்பக்கம். யாரும் இனிமேல் அதை அட்டைப்படமாகப் போட மாட்டார்கள். ஆனால் வேன் வந்து நின்றதும் பெண்கள் டாக்சி இருக்கிறதா என்று தேடுவதை நிறுத்தினார்கள். தையல் மிஷின் சத்தம் திடல் வரைக்கும் கேட்டது. ஒருத்தி ரவிக்கை அளவு கொடுத்தாள், ஒருத்தி சும்மா நின்று கதை பேசினாள். நர்ஸ் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். அதை நான் பார்த்தேன்.

மழைக்காலம் முடிந்தது. சொன்ன சொல் சொல்தான் என்று மீட்டர் கூட்டம் போட்டார். தீர்மானம் தள்ளி வைத்ததுதானே, தள்ளுபடி இல்லையே. கையில் சாவியும் கொண்டுவந்தார். ஸ்கேல் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் திருப்பின கதவுகள் போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை. மோட்டார் ரூம் சுவர் இன்னும் அவள் கண்ணில் நின்றது.

மீட்டர் தீர்மானத்தை மறுபடி படித்தார். "கம்பத்தை எடுத்துட்டு வண்டியை உள்ள விடணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. டாக்சிக்காரர்.

கூட்டம் ஓவென்று சிரித்தது. "ஏய், இன்னைக்கு நிச்சயமா டிபன் கிடையாது உனக்கு!" இன்னும் இரண்டு கார்க்காரர்கள் அவருக்குத் துணையாகக் கை தூக்கினார்கள். "வேண்டாம்னு சொல்றவங்க?" என்றார் மீட்டர். முற்றம் முழுக்கக் கை. எண்ணத் தேவை இருக்கவில்லை. மீட்டர் சாவியைப் பையில் போட்டார். ஸ்கேல் அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள். நர்ஸ் அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள், அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தது. அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் நடந்துபோனார்கள். காதைப் பொத்திக்கொண்டா நடக்க முடியும்?

"ஏங்க தூக்குனீங்க? நீங்கதான் இப்ப காவல் இருக்கறதில்லையே."

"கார் வாசலுக்கு வந்தா நல்லாத்தானே இருக்கும். அது பொய்யா?"

"இல்ல."

"அதான் தூக்குனேன். அதுவுமில்லாம, எதிர்த்து ஒரு கைகூட இல்லேன்னா கூட்டத்தை நீ விலைக்கு வாங்கிட்டேன்னு பேசுவானுங்க. இப்ப ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒதுங்கச் சொல்லாமல் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.